உப்புக்காற்றில் ஒரு பழைய வீடு: வாடகைக் குடிலைச் சீரமைத்த அனுபவம்

கடற்கரைக் கிராமத்தில் பழைய வீடு வாங்கிச் சீரமைத்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட நினைப்பவர்கள் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதுண்டு. கட்டில், திரைச்சீலை, சுவர் வண்ணம், புகைப்படம், இவற்றைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் சுவரில் இருப்பது சுண்ணாம்புப் பூச்சா, சிமென்ட் பூச்சா?" என்பது. அதற்கும் அழகுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகத்திலேயே தெரியும். வெயிலும் மழையும் உப்புக்காற்றும் மாறி மாறி அடிக்கும் ஊரில், இன்று எடுத்த படத்தில் இருப்பதுபோலவே சில வருடம் கழித்தும் வீடு இருக்குமா என்பது அந்தப் பூச்சில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

வீடு எனக்கும் அக்காவுக்கும் பொது. வண்ணம், துணி, மரச்சாமான் எல்லாம் அவள் பொறுப்பு. சுவர், கூரை, தண்ணீர், கழிவுநீர் என்னுடையது. இரண்டும் தனித்தனி வேலை என்று நினைத்துத்தான் பிரித்துக்கொண்டோம். வேலை தொடங்கியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உப்பும் ஈரமும் உள்ளே வந்தாலும் வெளியே போக வழி இருக்கிற வீட்டில்தான் அவள் தேர்ந்தெடுத்த எதுவும் நிலைக்கிறது.

செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, முன்னால் நீளமான தாழ்வாரம். வாங்கியபோது வீடு அப்படித்தான் இருந்தது. முன்பு இருந்தவர்கள் இடுப்பு உயரம் வரை சிமென்ட் பூசி, அதன்மேல் பளபளப்பான பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்தப் பகுதி முழுக்கக் கொப்புளம். விரலால் தட்டினால் வெள்ளைப் பொடி உதிரும். அதற்கு மேலே, சிமென்ட் படாத பழைய சுண்ணாம்புப் பூச்சு மங்கியிருந்ததே தவிர உறுதியாகத்தான் இருந்தது.

தரையில் உள்ள ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம், அதனால் ஏறிய ஈரம் மெல்ல ஆவியாகிப் போய்விடும். அடர்த்தியான சிமென்ட் அதைத் தடுக்கும், பெயின்ட் இன்னும் அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் தங்கிப் படிகமாகி, பூச்சையும் செங்கல்லின் முகத்தையும் வெளியே தள்ளும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பல இரவுகள் அந்த அளவைத் தாண்டிவிடும். பகலில் காய்ந்து மறுபடி படிகமாகும். மழையே இல்லாத நாளிலும் சுவர் வியர்ப்பது இதனால்தான். நீர்புகாப் பூச்சு ஒன்று மேலே அடித்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். அது இன்னொரு அடைப்பு, அவ்வளவுதான்.

எங்களுக்கு வேலை செய்த கொத்தனார் வயதானவர். சிமென்ட்டை முழுதாகக் கொத்தி எடுத்ததும், உடனே புதுப் பூச்சு போடலாமா என்று கேட்டேன். "அவசரப்படாதீங்க தம்பி, சுவர் முதல்ல மூச்சு விடட்டும்" என்றார். கோடை முழுவதும் செங்கல்லை அப்படியே திறந்து போட்டோம். வெளியே பூத்த உப்பை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, துடைத்தால் கரைந்து திரும்ப உள்ளே போகும். காய்ந்த தூரிகையால் தள்ளி, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். அதைச் செய்த அறைகளில் பூச்சு இன்றும் அப்படியே இருக்கிறது.

ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-ல். அது உலகம் முழுக்கப் பரவி எல்லோர் கைக்கும் வர இன்னும் பல காலம் ஆனது. ஆகவே பழைய வீடு என்றால் பெரும்பாலும் சுண்ணாம்பில் பிறந்த வீடு. சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. அதற்கு நேரம் வேண்டும், இடையிடையே லேசான ஈரமும் வேண்டும். மெல்லிய பூச்சுகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் இறுகிய பிறகே அடுத்தது போட வேண்டும். வெயில் நேரே படுகிற சுவருக்கு நனைத்த சாக்கைத் தொங்கவிட்டோம். விருந்தினர் சீசனுக்குள் முடிக்க வேண்டும் என்று தேதி குறித்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். சுண்ணாம்பு தேதி பார்த்து இறுகாது.

வண்ணத்தில் அக்காவுக்கு நிறைய ஆசைகள் இருந்தன. சுண்ணாம்பின் காரத்தை எல்லா வண்ணமும் தாங்காது. காவி, மஞ்சள் காவி, இரும்பு ஆக்சைடு வகை மண் நிறங்கள் தாங்கும். அந்த வரம்புக்குள் அவள் தேர்ந்தெடுத்தது, காவி மிகச் சிறிதளவே கலந்த வெள்ளை. காலையில் பார்த்தால் வெறும் வெள்ளை, சாயங்கால வெயிலில் லேசாகச் சிவக்கும். விருந்தினர்கள் அதிகம் படமெடுப்பது அந்தச் சுவரைத்தான். புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சை பிடிக்காமல் தடுக்க உதவும். மங்கினால் மறுபடி ஒரு வெள்ளையடிப்பு போதும், எதையும் சுரண்ட வேண்டியதில்லை.

அடுத்த எதிரி இரும்பு. துரு பிடித்த இரும்பு பருமனாகும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் உள்ளிருந்து கான்கிரீட்டையே பிளந்துவிடும். பின்னால் கட்டிய குளியலறையின் ஜன்னலுக்கு மேலே இருந்த கான்கிரீட்டில் அந்த விரிசல் வந்திருந்தது. இடித்துவிட்டு மரச் சட்டம் வைத்தோம். பக்கத்திலேயே கிடைக்கிறது என்று கடல் மணலைக் கலவைக்கு எடுக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், அதிலுள்ள உப்பு முதல் நாளிலிருந்தே கம்பியைத் தின்னத் தொடங்கும்.

கீல், தாழ்ப்பாள், ஆணி, திருகு என்று சின்னச் சின்ன சாமான்களில் பணம் மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் தோன்றும். கடைகளில் துருப்பிடிக்காத எஃகு என்று பொதுவாகக் கிடைப்பது 304 என்ற வகை. கடலோரத்தில் அதிலும் பழுப்புக் கறை படியும். 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும், உப்பை அது நன்றாகவே தாங்கும். எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கதவுகளுக்குப் பித்தளை போட்டோம். அது பச்சையாகிக் கறுத்தாலும் உடையாது, துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகைப் போடக் கூடாது. உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சின்ன மின்கலமாக மாறி, ஒன்று மற்றொன்றை அரிக்கும்.

இனி காற்று. அலங்கார நிபுணர்கள் பலர் தவறவிடுவது இதைத்தான் என்று நினைக்கிறேன். கடலைப் பார்க்கும் பக்கம் முழுக்கக் கண்ணாடி, பின்பக்கம் மூடிய சுவர். படத்தில் பிரமாதமாக இருக்கும். பகலில் நிலம் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து வீசும், அதுவரை சரி. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும், காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அது கடற்காற்றைவிட மென்மையானது. அதைப் பிடிக்கப் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லையென்றால் படுக்கையறை விடியும்வரை புழுங்கும். எங்கள் வீட்டின் பின்சுவரில் அடைத்து வைத்திருந்த இரண்டு பழைய ஜன்னல்களைத் திறந்து, சாய்வுப் பலகைகள் வைத்த மரக் கதவு போட்டோம். மழை உள்ளே வராது, காற்று வரும், வெளியிலிருந்து பார்வையும் படாது. கட்டிலை இரண்டு காற்றும் கடக்கும் வழியில் போட்டோம், கடல் தெரியும் மூலையில் போடவில்லை. அக்காவுக்கு அதில் முதலில் வருத்தம். ராத்திரி நன்றாகத் தூங்கியதாக விருந்தினர்கள் எழுதிவிட்டுப் போனதைப் படித்த பிறகு இப்போது அவளே அதை மற்றவர்களுக்குச் சொல்கிறாள்.

வெயிலைப் பொறுத்தவரை, வெப்பமண்டலத்தில் சூரியன் உச்சிக்கு மிக அருகில் போகும் என்பதால் கூரைதான் அதிகச் சூட்டை வாங்கும். அதற்கு அடுத்து கிழக்கும் மேற்கும். தாழ்வாரக் கூரையை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டி, ஓட்டுக்குக் கீழே பலகை வேய்ந்து, இரண்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி விட்டு, முகட்டில் சூடான காற்று வெளியேற வழி வைத்தோம். ஓரத்து ஓடுகளைப் புயல் தூக்காமல் கம்பியால் கட்டியிருக்கிறோம். துருப்பிடிக்காத கம்பி, சொல்ல வேண்டியதில்லை.

ஏசி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு, கேட்பதில் தப்பில்லை. ஒரே ஒரு படுக்கையறையில் வைத்திருக்கிறோம். வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேரே அடிக்காத மறைவில் பொருத்தி, உள்ளிருக்கும் அலுமினியத் தகடுகளில் படியும் உப்பை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறோம். ஏசி அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தால் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும், பின்னாலேயே பூஞ்சை வரும். அதனால் இதை மட்டும் விருந்தினர்களிடம் நேரில் சொல்லிவிடுகிறோம்.

உள்ளலங்காரம் முழுக்க அக்காவின் வேலை, அவளைக் கேட்டால் இன்னும் அழகாகச் சொல்வாள். அவள் விதி ஒன்றே ஒன்று: எந்தப் பொருளுக்குப் பின்னாலும் காற்று போக வேண்டும். அலமாரியைச் சுவரில் ஒட்டிப் போடமாட்டாள். மூடிய அலமாரிக்குப் பதில் சாய்வுப் பலகைக் கதவு, அல்லது வெறும் கொக்கி வரிசை. மெத்தைக்கு அடியில் முழுப் பலகை கிடையாது, இடைவெளி விட்ட சட்டங்கள். தோல் சோபா, கனமான கம்பளம், சுவருக்கு ஒட்டும் காகிதம் மூன்றும் வேண்டவே வேண்டாம். ஒரே மழைக்காலத்தில் வாடை வந்துவிடும். படுக்கைத் துணி வெள்ளைப் பருத்தி, ஏனென்றால் கறையை வெந்நீரிலும் வெயிலிலும் போக்கலாம். தரையைத் தேய்த்து மெருகேற்றிய சிமென்ட்டாகவே வைத்துக்கொண்டாள். மணலோடு உள்ளே வந்தாலும் ஒரு பெருக்கில் போய்விடும்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-ல் வாங்கி, தன் வாழ்நாள் முழுக்கச் செதுக்கிய லுனுகங்கா தோட்டத்தைத்தான் அவள் அடிக்கடி மேற்கோள் காட்டுவாள். உள்ளே, வெளியே என்ற கோட்டை அழிப்பது எப்படி என்று அங்கே கற்றுக்கொள்ளலாம். எங்கள் சின்ன வீட்டில் அந்தக் கோட்டை அழித்தது தாழ்வாரம்தான். வருகிறவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறார்கள். பட்ஜெட் குறைவு என்றால் அறைகளை எளிமையாக விட்டுவிட்டு, தாழ்வாரத்துக்கு நல்ல சாய்வு நாற்காலியும் மெதுவாகச் சுற்றும் மின்விசிறியும் வாங்குங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது வீட்டோடு நிற்பதில்லை. கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. இரண்டின் அடர்த்தி வித்தியாசம் மிகக் குறைவு. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலும் அதை ஒட்டியும் தனித்தனியாகக் கண்டுசொன்ன கணக்கு இது: நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். வேகமாக இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில் கீழே இருந்து உப்பு 40 அடி மேலேறிவிடலாம். நீச்சல் குளம் வைத்த வாடகை வீடு ஒன்று பக்கத்துக் கிணறுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். நாங்கள் குளம் வைக்கவில்லை, கடல் எதிரிலேயே இருக்கிறது. சின்ன மோட்டாரால் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தொட்டியில் சேர்க்கிறோம். ஓட்டுக் கூரையில் விழும் மழையை முதல் அழுக்கை ஒதுக்கிவிட்டுச் சேமிக்கிறோம். கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றிலிருந்து முடிந்தவரை தள்ளி, நிலத்தடி நீர் ஓடும் திசையில் கிணற்றுக்குக் கீழ்ப்புறமாக வைத்தோம்.

வெளியில் உள்ள கொடியையும் வெளிச்சத்தையும் தொடும்போது கவனம் வேண்டும். முன்னால் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியை வெட்டினால் கடல் நன்றாகத் தெரியும் என்று பலர் யோசனை சொன்னார்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான். மேடு போனால் அலைக்கும் வீட்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் விட்டிருக்கிறோம். அப்புறம், கடற்கரையில் தொங்கும் அலங்கார விளக்குகள். ஆமைக் குஞ்சுகள் முட்டையை விட்டு வெளியே வந்ததும் வெளிச்சமான திசையை நோக்கி நகரும். இயற்கையில் அது கடற்பக்கம். நம் விளக்கு எரிந்தால் அவை நிலத்துக்குள் வந்து செத்துப்போகும். ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் கடல்பக்க விளக்குகளை அணைத்துவிடுங்கள். பாதைக்கு அவசியம் வேண்டும் என்றால் தரைக்கு அருகே, மூடி போட்ட, சிவப்பு அல்லது அடர் ஆரஞ்சு விளக்கு போதும். இருட்டில் நட்சத்திரங்கள் அத்தனை தெளிவாகத் தெரிவது விருந்தினர்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

கிராமத்தில் நாம் புதிதாக வந்தவர்கள். எங்கள் வேலியோரமாக மீனவர்கள் கரைக்குப் போகும் பாதை ஒன்று இருந்தது. பத்திரத்தில் அது எங்கள் நிலம்தான். அதை அடைக்கும் எண்ணமே எங்களுக்கு வரவில்லை, அந்த வழி எங்கள் வீட்டுக்கு முன்பே இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்வதும் துணி துவைப்பதும் பக்கத்து வீட்டுக் குடும்பம். ராத்திரி சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறோம். விடியும் முன்னே கடலுக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டிய நேரம் அது.

பாதுகாப்புக் குறிப்பைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்காமல், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் விருந்தினர் வந்த அன்றே வாய்விட்டுச் சொல்லிவிடுவார். இழுப்பு நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும், முடியாவிட்டால் மிதந்துகொண்டு உதவிக்குக் கைகாட்ட வேண்டும். பலமான நில அதிர்வோ, கடல் திடீரென்று உள்வாங்குவதோ தெரிந்தால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்வாங்கிய சில இடங்களில், அதை வேடிக்கை பார்க்கக் கரைக்கு இறங்கியவர்கள் இருந்தார்கள். மேட்டுக்குப் போகும் பாதையை விருந்தினர்களோடு ஒருமுறை நடந்தே காட்டிவிடுகிறோம்.

கொசுவுக்கு வலையும் மின்விசிறியும் உண்டு. அதைவிட முக்கியம் தேங்கும் நீர். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த பாத்திரச் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் அலங்காரத்துக்கு வைத்த உருளி, பூந்தொட்டித் தட்டு, வெளிக் குளியல் வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இப்படிப்பட்ட வீட்டை வாடகைக்கு எடுப்பவராக இருந்தால், படங்களில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே சாமான் வைத்து மறைத்திருந்தால் காரணம் கேளுங்கள். பின்பக்க ஜன்னல் உண்டா, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழைக்காலத்தில் எடுத்த படம் இருக்கிறதா, இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற உரிமையாளரிடம் நம்பிப் போகலாம்.

ஆள் வராத மழை மாதங்களில் வீட்டைப் பூட்டிப் போடக் கூடாது. மூடிய வீட்டில்தான் பூஞ்சை வேகமாகப் பிடிக்கும். மழை விட்ட ஒவ்வொரு வேளையும் ஜன்னல்களைத் திறக்க ஆள் வேண்டும். மெத்தையைச் சுவரோரம் சாய்க்காமல் நடுவில் நிமிர்த்தி வைக்க வேண்டும். கீல்களுக்கு எண்ணெய், ஓடுகளுக்கு ஒரு சோதனை, கரையான் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று தூண்களின் அடியில் ஒரு பார்வை. மழை நின்றதும் முதல் வேலை வெள்ளையடிப்பு, அது காய்ந்து இறுகிய பிறகுதான் அந்த சீசனின் முதல் முன்பதிவை எடுக்கிறோம்.